ஜெபம் கேட்கப்படாதபோது யாரைக் கேட்பது?

பெரியப்பாவுக்கு ஈரல் நோய் முற்றியிருந்த மாதங்களில் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடந்தது. கூடத்தில் பாய் விரித்து இருபது பேர் உட்காருவோம். வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வருவார், நல்ல குரல் அவருக்கு. நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, ஜெபம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் பெரியம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இந்த வீட்டுல யாருக்கோ விசுவாசம் பத்தலைம்மா. அதான் தடையா நிக்குது." பெரியம்மா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அந்த 'யாரோ' தான்தான் என்று முடிவு கட்டிவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பெரியப்பா பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டார்.

அன்று எனக்குள் எழுந்த கேள்வியைக் கேட்க எனக்கு வார்த்தை இல்லை. அது என்னுடைய கேள்வி மட்டுமல்ல, கிறிஸ்தவத்துக்குள்ளேயே பதினெட்டு நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டுவருகிறது என்பதும் தெரியாது. எல்லாம் அறிந்த தேவனிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்ற அந்தக் கேள்வியைத் தத்துவப் படிப்பில் விண்ணப்ப ஜெபத்தின் புதிர் என்று சொல்லலாம். இதைப் புதிதாகக் கேட்பவர்களுக்காக அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

ஜெபம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் பல வகை உண்டு. துதிப்பது, நன்றி சொல்வது, பாவத்தை அறிக்கையிடுவது, இன்னது வேண்டும் என்று கேட்பது. முதல் மூன்றும் மனிதனின் மனநிலையைச் சொல்பவை; அவற்றில் தர்க்கச் சிக்கல் பெரிதாக ஒன்றுமில்லை. சிக்கல் கடைசியில்தான். சீர்திருத்த சபைகளில் விண்ணப்பம் என்பார்கள், கத்தோலிக்கர் மன்றாட்டு என்பார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஏன் மனு எழுதிக்கொண்டு போய் வரிசையில் நிற்கிறோம்? நம் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பது கலெக்டருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதில் அக்கறை இல்லாமல் இருக்கலாம். அக்கறை இருந்தும் வேறு முடிவெடுத்திருக்கலாம், மனுவைப் பார்த்தால் மாற்றிக்கொள்ளக்கூடும். ஆக மனுவுக்கு மூன்று வேலை: தெரியப்படுத்துவது, இரங்க வைப்பது, மனத்தை மாற்றுவது. இப்போது தேவனைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வதைப் பக்கத்தில் வையுங்கள். அவர் எல்லாம் அறிந்தவர், ஆகவே தெரியப்படுத்த ஒன்றுமில்லை. அவர் முழுக்க நல்லவர், ஆகவே இரங்க வைக்கத் தேவையில்லை. அவர் மாறாதவர், ஆகவே மனத்தை மாற்ற முடியாது. மனுவின் மூன்று வேலையும் போய்விட்டது. பிறகு எதற்கு மனு?

இதை நாத்திகர் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசுவே, நீங்கள் வேண்டிக்கொள்வதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்கிறார். சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் பரமண்டல ஜெபத்தைக் கற்றுத்தருகிறார். அதில் அன்றாட அப்பத்துக்கான விண்ணப்பம் இருக்கிறது. அதே பிரசங்கத்தில் சற்றுத் தள்ளி, "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்." அவருக்குத் தெரியும், ஆனாலும் கேள் என்கிறது மூலநூல். ஏன் என்று அங்கே விளக்கவில்லை.

(நம் மொழியில் 'கேள்' என்ற வினைக்கு யாசிப்பது, செவிகொடுப்பது, வினவுவது ஆகிய மூன்று பொருளும் உண்டு. நாம் கேட்கிறோம், அவர் கேட்கிறார். வினவுவது என்ற மூன்றாவது பொருளைத்தான் கோயிலுக்குள் நுழையும்போது செருப்போடு வெளியே விட்டுவிடச் சொல்கிறார்கள்.)

முதலில் இதை முறையாக எடுத்துப் பேசியவர்களில் ஒருவர் 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன், எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்தவர். அவருடைய நண்பர் ஒருவர் இந்த ஆட்சேபத்தை அவரிடம் கொண்டுவந்தார்: நடக்கப்போவது அனைத்தையும் தேவன் முன்னறிந்திருந்தால் ஜெபம் வீண்தானே, சூரியன் உதிக்க வேண்டும் என்று ஒருவன் ஜெபித்தால் சிரிப்போம் அல்லவா? ஓரிகன் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. மனிதன் சுயமாக எடுக்கும் முடிவுகளையும் தேவன் முன்னறிகிறார், அவன் ஜெபிப்பான் என்பதையும் முன்னறிகிறார், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் உலகத்தை ஒழுங்கு செய்திருக்கிறார் என்று பதில் எழுதினார். ஆயிரம் ஆண்டு கழித்துக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதையே இன்னும் கூர்மையாக்கினார். தேவனின் தீர்மானத்தை மாற்றுவதற்காக நாம் ஜெபிப்பதில்லை. ஜெபத்தின் வழியாக நிறைவேற வேண்டும் என்று அவர் தீர்மானித்தவற்றைப் பெறவே ஜெபிக்கிறோம் என்றார். விளைச்சல் விதைப்பின் வழியாக வருவதுபோல.

இது அழகான பதில். தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆனால் இதைப் பெரியம்மாவின் கூடத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வீட்டார் ஜெபிப்பார்கள் என்பதும், அந்த ஜெபத்தின் வழியாக எதுவும் வரப்போவதில்லை என்பதும் உலகம் தோன்றும் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்று ஆகிறது. அந்தக் கூடத்தில் அமர்ந்து அழுத ஒருவருக்கு இதைச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

ஜெபம் தேவனை மாற்றுவதில்லை, ஜெபிப்பவரை மாற்றுகிறது என்பது இரண்டாவது பதில். நகரத்துச் சபைகளின் படித்த போதகர்கள் இதைத்தான் விரும்புவார்கள். இதில் உண்மை இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து பிறருக்காக நினைப்பவர் கொஞ்சம் மாறத்தான் செய்வார். ஆனால் அப்படியானால் 'கேட்பது' என்ற சொல்லை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம்? அதற்குத் தியானம் என்ற பேரே போதுமே.

மூன்றாவது பதில் அண்மையது. 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சில சுவிசேஷ இறையியலாளர்கள், எதிர்காலம் இன்னும் முழுக்க முடிவாகவில்லை, ஆகவே தேவனுக்கும் அது ஓரளவு திறந்தே இருக்கிறது, ஜெபம் அவர் செயலை உண்மையாகவே பாதிக்கிறது என்று எழுதினார்கள். வேதத்திலிருந்தே ஆதாரம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா சாகப்போகிறான் என்று தீர்க்கதரிசி ஏசாயா வந்து சொல்லிவிட்டுப் போகிறார். ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறான். ஏசாயா பாதி முற்றத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார், திரும்பிப் போய் இன்னும் பதினைந்து வருஷம் என்று சொல் எனக் கட்டளை வருகிறது. மாறாதவர் இங்கே மாறுகிறாரே என்று கேட்டார்கள். கேட்டதற்கு என்ன கிடைத்தது? 2003இல் அமெரிக்காவின் சுவிசேஷ இறையியல் சங்கம் அப்படி எழுதியவர்களில் கிளார்க் பின்னாக், ஜான் சாண்டர்ஸ் ஆகிய இருவரையும் வெளியேற்றலாமா என்று ஓட்டெடுப்பு நடத்தியது. தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் இருவரும் தப்பினார்கள். தேவனுக்கு எதிர்காலம் தெரியுமா என்பதை ஓட்டுப்போட்டு முடிவு செய்ய வேண்டியிருந்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது, இல்லையா?

தர்க்கத்தை விடுங்கள், ஜெபம் பலிக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடலாமே என்று சிலர் நினைத்ததுண்டு. 1871 டிசம்பரில் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் டைபாய்டில் சாகக் கிடந்தார். நாடு முழுதும் ஜெபம், அவர் பிழைத்தார், அடுத்த பிப்ரவரியில் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் பெரும் நன்றியாராதனை. அதே 1872இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு குறும்புத்தனமான கணக்குப் போட்டார். இங்கிலாந்து சபையில் ஒவ்வோர் ஆராதனையிலும் மன்னர் நீடூழி வாழ வேண்டுமென்று லட்சக்கணக்கானோர் ஜெபிக்கிறார்கள். உலகத்திலேயே அதிகமாக ஜெபிக்கப்படும் ஆயுள் அதுதான். அப்படியானால் அரச குடும்பத்தார் மற்ற வசதி படைத்தவர்களைவிடக் கூடுதலாக வாழ வேண்டும். கொலையிலும் விபத்திலும் இறந்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தார். அரச குடும்பத்தாரின் சராசரி ஏறத்தாழ 64 வயது. அவர் ஒப்பிட்ட வசதிக்காரப் பிரிவுகளில் அதுவே மிகக் குறைவு. பாதிரிமார் 69ஐத் தாண்டினார்கள், கிராமத்து நிலப்பிரபுக்கள் அவர்களையும் மிஞ்சினார்கள். மிஷனரிகள் ஏறும் கப்பல் என்பதற்காக இன்சூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைக்கிறார்களா என்றும் கேட்டுவைத்தார்.

கால்டனின் கணக்கு ஒரு நக்கல். அதை ஒழுங்கான மருத்துவ ஆய்வாக நடத்திப் பார்த்தது 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு. ஆறு மருத்துவமனைகள், இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1802 நோயாளிகள், தலைமை ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவர். நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு கூட்டத்தாரிடம், உங்களுக்காக ஜெபிக்கப்படலாம், படாமலும் போகலாம் என்றார்கள். உண்மையில் அவர்களில் ஒரு கூட்டத்துக்குத்தான் ஜெபம். மூன்றாவது கூட்டத்துக்கு ஜெபமும் உண்டு, அது உறுதி என்ற செய்தியும் உண்டு. மூன்று கிறிஸ்தவக் குழுக்கள் பதினான்கு நாள் ஜெபித்தன. நோயாளியின் பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டுமே அவர்களிடம் தரப்பட்டது. மீதியைத் தேவன் கண்டுபிடித்துக்கொள்வார் என்று விட்டிருக்க வேண்டும். முடிவு: சிக்கல் ஏற்பட்டவர்கள், தெரியாமல் ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம். தமக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்தவர்களில் 59 சதவீதம். கூட்டமாக ஜெபிக்கிற அளவுக்கு நம் நிலைமை மோசமா என்ற பயம்தான் காரணமோ என்று ஆய்வாளர்களே யோசித்தார்கள்.

இந்த ஆய்வை வைத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, தேவன் இல்லை' என்று துள்ளுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஜெபிக்கப்படாத கூட்டத்து நோயாளியின் மனைவியும் பிள்ளைகளும் வீட்டில் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? ஜெபமே இல்லாத ஒரு கூட்டத்தை யாராலும் உண்டாக்க முடியாது. தவிர, தேவனை மாத்திரை மாதிரிச் சோதிக்கக் கூடாது என்ற பக்தரின் ஆட்சேபமும் நியாயமானதே. உன் தேவனைப் பரீட்சை பாராதே என்று உபாகமம் சொல்கிறது. ஆனால் எந்தத் தெய்வம் அக்கினியால் பதில் தருகிறது பார்ப்போம் என்று கர்மேல் மலையில் தீர்க்கதரிசி எலியா நடத்தியது என்ன, வெளிப்படையான பரீட்சை அல்லவா? "என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்று தேவனே சொல்லும் இடமும் ஒன்று உண்டு. மல்கியா 3ஆம் அதிகாரம். எதற்குத் தெரியுமா? தசமபாகத்துக்கு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பதற்கு. அந்த வசனத்தை மட்டும் எந்தப் பிரசங்கியாரும் மறப்பதில்லை.

சோதனையை ஏற்காத சபைகள் இன்னொரு வகைக் கணக்கைத் தாராளமாக நடத்துகின்றன. அதற்குச் சாட்சி நேரம் என்று பெயர். கான்சர் குணமானவர் வந்து மைக் பிடிக்கிறார், பிள்ளை பிறந்தவர் வந்து மைக் பிடிக்கிறார். குணமாகாதவரின் மனைவி அதே கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மைக் கிடையாது. கிறிஸ்துவுக்கு முந்தைய ரோமில் சிசரோ ஒரு கதை சொல்கிறார். கடவுளை நம்பாத தியாகோரஸ் என்ற கிரேக்கனிடம், கோயிலில் மாட்டியிருந்த நேர்ச்சைப் படங்களைக் காட்டி, புயலில் வேண்டிக்கொண்டு பிழைத்தவர்கள் எத்தனை பேர் பார் என்றானாம் நண்பன். பார்க்கிறேன், வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படங்களை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்றானாம் தியாகோரஸ்.

நமக்கு இது தொலைதூரக் கதை அல்ல. புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள் மாதாவை வேண்டிக் கரைசேர்ந்து நன்றிக்கடனாகக் கோயில் எழுப்பினார்கள் என்பதுதான் வேளாங்கண்ணியின் மரபுக் கதையே. பிழைத்தவர்கள் செலுத்திய காணிக்கைகள் இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலை. ஊர் நிறைய யாத்ரிகர்கள். ஆழிப்பேரலை வந்தது. கோயிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். மாதாவின் அற்புதம் என்று பலர் சொன்னார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அவர்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தான். நாகப்பட்டினம் மாவட்டம் முழுதிலும் ஆறாயிரத்துக்கு மேல் சாவு. கோயில் தப்பியதை அற்புதம் என்று எண்ணுகிறவர், கரையில் கிடந்த பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவார்?

இதே கேள்வி ஐரோப்பாவை உலுக்கியது 1755 நவம்பர் 1 அன்று. சகல புனிதர் பெருவிழா. போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் ஆலயங்கள் நிரம்பி வழிந்த காலை நேரம். பூமி அதிர்ந்து கூரைகள் பூசை கண்டுகொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. பீடங்களில் ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகளால் தீ பரவியது. தீக்குப் பயந்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் எழுந்து வந்து வாரிக்கொண்டது. காபிரியேல் மலாக்ரிதா என்ற இயேசு சபைப் பாதிரியார் அடுத்த ஆண்டு ஒரு சிறுநூல் எழுதினார்: இதற்கு இயற்கைக் காரணம் தேடாதீர்கள், இது உங்கள் பாவத்துக்கான தண்டனை, தவம் செய்யுங்கள். அவரைத் தலைநகரிலிருந்து வெளியேற்றிய அமைச்சர் பொம்பால், வேறொரு காரியமும் செய்தார். நாட்டின் பங்குக் கோயில்களுக்கெல்லாம் ஒரு வினாப்பட்டியல் அனுப்பினார். அதிர்வு எத்தனை நேரம் நீடித்தது? எந்தத் திசையிலிருந்து வந்தது? கடல் முதலில் உள்வாங்கியதா, ஏறியதா? எத்தனை வீடு விழுந்தது, எத்தனை பேர் இறந்தார்கள்? பதில் எழுதி அனுப்பியவர்கள் பங்குப் பாதிரியார்கள்! இன்றைய நிலநடுக்க அறிவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தப் பதில்களைச் சொல்கிறார்கள். 'ஏன் இப்படிச் செய்தார்' என்று மேடையிலிருந்து விடை சொல்லிக்கொண்டிருந்தவர்களை, 'என்ன நடந்தது' என்று எழுதவைத்துவிட்டார் பொம்பால்.

பொம்பாலை நல்லவராக்கிவிட வேண்டாம். இயேசு சபையினரை வேரறுக்க நினைத்தவர் அவர். முதியவரான மலாக்ரிதா 1761இல் மதவிசாரணை மன்றத்தால் கொல்லப்பட்டார். நான் கவனிப்பது ஒன்றைத்தான்: தேவன் மௌனமாக இருக்கும்போது அந்த மௌனத்துக்கு அர்த்தம் சொல்லும் உரிமை யாருக்கு என்பதில்தான் உண்மையான சண்டை நடக்கிறது. ஜெபத்தைப் பற்றிய கேள்வி கடைசியில் அதிகாரத்தைப் பற்றிய கேள்வியாகத்தான் வந்து நிற்கிறது.

நம் கோயில்களில் மௌனத்துக்குச் சொல்லப்படும் அர்த்தங்கள் நமக்குப் பாடம். விசுவாசம் போதவில்லை. மறைவான பாவம் இருக்கிறது. தேவ சித்தம் வேறு. ஏற்ற காலத்தில் நடக்கும். இவற்றில் கடைசி இரண்டும் ஆறுதல் என்ற அளவில் யாரையும் காயப்படுத்துவதில்லை. முதல் இரண்டும் அப்படியல்ல; துக்கத்தில் இருப்பவர் தலையில் பழியையும் ஏற்றிவைப்பவை. நான்கிலும் பொதுவான ஒன்று, என்ன நடந்தாலும் சொன்னவர் தோற்கமாட்டார். நோயாளி பிழைத்தால் ஊழியக்காரரின் ஜெபம். இறந்தால் வீட்டாரின் விசுவாசக் குறைவு. இப்படி இரண்டு பக்கமும் தலையே இருக்கும் நாணயத்தைச் சுண்டுபவரோடு யார் பந்தயம் கட்டுவது?

வேதமே இந்த விளக்கங்களை ஒப்புக்கொள்கிறதா என்று பாருங்கள். தாவீது தன் குழந்தைக்காக ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசிக்கிறான், குழந்தை இறந்துபோகிறது. பவுல் தன் உடலில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டுகிறான். முள் அப்படியே இருக்கிறது. கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று வேர்வை இரத்தத் துளிபோல் விழ ஜெபித்த இயேசுவுக்கு அந்தத் துன்பப் பாத்திரம் நீங்கவில்லை. அவருக்கும் விசுவாசம் பத்தவில்லையா? சிலுவையில் அவர் கதறியதும் ஒரு கேள்வியைத்தான்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அதுகூட அவர் சொந்த வாக்கியம் அல்ல, 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. முறையிடும் சங்கீதங்கள் அந்தப் புத்தகத்தில் ஏராளம். 88ஆம் சங்கீதம் முடிவில் நம்பிக்கை வரி ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிந்துபோகிறது. துக்க வீட்டில் அதை வாசித்து நான் கேட்டதே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் யோபு. பிள்ளைகள், ஆடுமாடு, உடல்நலம் அனைத்தும் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று நண்பர்கள் வருகிறார்கள்: எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு வாயைத் திறக்கிறார்கள். அதிகாரம் அதிகாரமாக அவர்கள் சொல்வதன் சாரம் ஊழியக்காரர் காபி குடித்துக்கொண்டே சொன்னதுதான்: உன்னிடம் ஏதோ தப்பு இருக்கிறது. யோபு ஒப்புக்கொள்ள மறுக்கிறான். தேவனை வழக்காட வா என்று அழைக்கிறான், ஏறக்குறைய திட்டுகிறான். கடைசியில் தேவன் எலிப்பாஸைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாகப் பேசவில்லை என்று கோபிக்கிறார். தேவனுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள், கேள்வி கேட்டவன் தரப்பு நிற்கிறது. அப்போதும் யோபுவுக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. தன்னை வைத்துப் பரலோகத்தில் நடந்த பேச்சு வாசகருக்குத் தெரியும், அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

அப்படியானால் இந்தப் பிரசங்கங்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? கத்தோலிக்கத்தில் விடை வெளிப்படையானது: திருச்சபையின் போதகப் பொறுப்பு, அதன் உச்சியில் போப். போப் சொல்வதெல்லாம் தவறாது என்று பலர் நினைக்கிறார்கள், கத்தோலிக்கரிலேயே. 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது அதைவிடக் குறுகியது. விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, முழுத் திருச்சபைக்கும் உரியதாக, தம் பதவியின் முழு அதிகாரத்தோடு அறுதியிட்டுச் சொல்வதற்கு மட்டுமே அது பொருந்தும். அதன்பின் ஐயமின்றி அப்படி அறிவிக்கப்பட்டது 1950இல், மாதாவின் விண்ணேற்பு. உங்கள் பங்குத்தந்தை உங்கள் வீட்டு நோயைப் பற்றிச் சொல்வது அந்தக் கணக்கில் வரவே வராது.

சீர்திருத்த சபைகளோ வேதம் மட்டுமே அதிகாரம் என்கின்றன. 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் நின்று, என் மனச்சாட்சி வேதத்துக்குக் கட்டுப்பட்டது என்று சொன்னவர் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர். நாலே ஆண்டில், 1525இல், தென் ஜெர்மன் குடியானவர்கள் அதே வேதத்தைக் கையில் எடுத்துப் பன்னிரண்டு கோரிக்கை எழுதினார்கள். எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம், வேண்டுமானால் நாங்களே நீக்குவோம் என்பது முதல் கோரிக்கை. எது வேதத்துக்கு முரண் என்று காட்டினாலும் கைவிடத் தயார் என்றும் எழுதியிருந்தார்கள். கிளர்ச்சி வெடித்தபோது லூத்தர் அவர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களுக்கு எழுதினார். வேதம்தான் அதிகாரம், சரி, யார் வாசிக்கும் வேதம்?

திருநெல்வேலிச் சீமையிலும் இது நடந்தது. மிஷனில் படித்து வேலைபார்த்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, வெள்ளைக்கார மிஷனரிகளோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து, 1857இல் நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் தனிச் சபையைத் தொடங்கினார். அவர் ஆயுதம் மிஷனரிகள் கொடுத்த அதே வேதாகமம். ஓய்வுநாள் ஏழாம் நாள் என்றுதானே எழுதியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து வந்தது என்று கேட்டுச் சனிக்கிழமை ஆராதனை வைத்தார். கேள்வி கேட்பது மேற்கத்திய நோய், நம்மவர் பக்தியோடு கீழ்ப்படிகிறவர்கள் என்று யாராவது சொன்னால் பிரகாசபுரத்தை நினைவூட்டுங்கள்.

இன்றைய சுயாதீன சபைகளில் போப்பும் இல்லை, பேராயரும் இல்லை. 'கர்த்தர் என்னோடு பேசினார்' என்று பாஸ்டர் சொல்வதுதான் அதிகாரம். 1870இல் போப்புக்குக்கூட இவ்வளவு தரவில்லை. ஆனால் இதற்கும் வேதத்தில் ஓர் அளவுகோல் உண்டு, உபாகமம் 18: தீர்க்கதரிசி சொன்னது நடக்காமற்போனால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல, அவனுக்கு நீ பயப்பட வேண்டாம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் சொல்லப்படுபவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்து அடுத்த டிசம்பரில் எடுத்துப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. வேதம் சொன்ன வேலைதான்.

எல்லாப் போதகரும் அந்த ஊழியக்காரர் மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரியப்பா இறந்த பிறகு எங்கள் சபை வட்டாரமான சேகரத்துக்குப் புதிதாக வந்த ஐயர் (போதகரை அப்படித்தான் அழைப்போம்), ஒரு சாயங்காலம் விசாரிக்க வந்தார். வயது முப்பதுகூட இருக்காது. என்ன விஷயத்துக்காக ஜெபிக்கட்டும் அம்மா என்று கேட்டார். பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"கேக்கதுக்கு ஒண்ணும் இல்ல ஐயா. சும்மா செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க."

அவர் வேதப் புத்தகத்தை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் காபி கொண்டுவந்தபோதும் இருவரும் ஒன்றும் பேசாமல்தான் இருந்தார்கள்.